கடைசிப் பந்தயத்தில் ஜெயித்த குற்றம்

கூட்டத்துக்கு வந்த எல்லோருக்கும் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். பளபளவென்று ஸ்டீல் பாட்டில். மேலே கம்பெனி முத்திரை, அதற்குக் கீழே பச்சை எழுத்தில் ‘பயணத்துக்கு நன்றி’. கம்பெனி எதற்கு நம்மிடம் நன்றி சொல்ல வேண்டும்? பக்கத்தில் நின்ற மொட்டை, எங்கள் டயர் ஆள், மூடியைத் திருகி உள்ளே பார்த்தான்.

“தண்ணியே இல்லண்ணே” என்றான்.

நாங்கள் ஒரு கார் பந்தய அணி. உலகம் முழுக்கக் குடும்பக் கார்கள் விற்கிற ஒரு பெரிய கம்பெனியின் பெயரை எங்கள் காரின் மூக்கில் ஒட்டி, ஊர் ஊராகப் போய் ஓட்டுவது எங்கள் பிழைப்பு. நான் தலைமை மெக்கானிக். நூறு பேருக்குக் குறையாத அந்த ஒர்க்‌ஷாப்பில் என் சத்தம்தான் பெரிய சத்தம் என்று என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். பேசட்டும். போல்ட்டைச் சரியாக முடுக்காதவனைக் கொஞ்ச எனக்குத் தெரியாது.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த கோட்டுக்காரர் மேடையேறினார். செலவு தாங்கவில்லையாம். இந்தப் பருவத்தின் கடைசிப் பந்தயத்தோடு கம்பெனி விலகிக்கொள்கிறதாம். பந்தயத்தில் கொட்டிய நிதியை இனிமேல் ‘பசுமையான எதிர்காலத்துக்கு’த் திருப்பப் போகிறார்களாம். சொல்லி முடித்துவிட்டுக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு சொட்டு வந்திருந்தால் என் காதை அறுத்துக்கொள்கிறேன்.

செலவு அதிகம் என்பது பொய்யில்லை. நாங்களும் யோக்கியர்கள் கிடையாது. ஒரு தகட்டில் தபால் தலை எடை குறையும் என்று மூன்று முறை புதிதாகச் செய்ய வைத்தவன் நான். காற்றை ஊதிக் காரைச் சோதிக்க எதிரணிக் கம்பெனி ஒரு காற்றுச் சுரங்கம் கட்டினால் நாங்கள் அதைவிட நீளமாகக் கட்டினோம். அவன் பேட்டரிக்கு விஞ்ஞானிகளைப் பிடித்தால் நாங்கள் அவனுடைய விஞ்ஞானிகளையே பிடித்தோம். இப்படி ஒருவனைப் பார்த்து ஒருவன் விலையை ஏற்றிவிட்டு, கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து விலை ஏறிவிட்டது என்று மூக்கால் அழுதார்கள்.

ஆனால் சிக்கனம் எங்கிருந்து ஆரம்பித்தது தெரியுமா? எங்கள் கையுறையிலிருந்து. கிழியும்வரை ஒரே கையுறையைப் போடு என்று சுற்றறிக்கை வந்தது. பேரிங் கேட்டால் வாரக்கணக்கில் பதில் வராது. அதே சமயம், பந்தய மைதானத்துக்கு வருகிற கம்பெனி விருந்தாளிகள் உட்கார ஒரு கண்ணாடி மாளிகை இருந்தது. மாடி வைத்தது. அதைக் கழற்றி, மூட்டை கட்டி, லாரி லாரியாக ஊர் ஊராகக் கொண்டு போவார்கள். அதற்கு ஒரு பூக்காரி தனியாக உண்டு. பூக்காரியின் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த மாளிகையில் உட்கார்ந்து தின்றவர்களில் பாதிப் பேர் காரைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. நினைத்தாலே குமட்டுகிறது.

எங்களுக்கு ஒரே ஒரு வழி திறந்திருந்தது. எங்கள் டீம் மேனேஜரம்மா, அளந்து பேசுவதால் ஸ்டாப்வாட்ச் என்று பெயர் வாங்கியவர், ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். குளிர்சாதன லாரிகள் ஓட்டுகிற முதலாளி. செருப்புக் காலோடு ஒர்க்‌ஷாப்புக்குள் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு கார்களையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கழித்துப்போட்ட பாகங்கள் கிடந்த பெட்டியில் கையை விட்டு ஒரு பல்சக்கரத்தை எடுத்தார்.

“இது நல்லாத்தானே இருக்கு? ஏன் தூக்கிப் போட்டீங்க?”

“அதோட ஆயுசு முடிஞ்சு போச்சுங்க” என்றேன்.

“யாரு சொன்னா?”

“கம்பெனி சொல்லுது.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “என் லாரிக்கு நான்தான் ஆயுசு சொல்லுவேன்.” பிறகு விஷயத்துக்கு வந்தார். இரண்டு கார்களும், உதிரி பாகங்களும், எங்களில் நாற்பது பேரும் அவருக்கு வேண்டும். கம்பெனி செலவழித்ததில் மூன்றில் ஒரு பங்கை வைத்து அடுத்த வருடம் ஓட்டிக் காட்டுகிறேன் என்றார். எனக்கு அந்த மனிதரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. ஐம்பதைத் தாண்டியவனை எந்த ஒர்க்‌ஷாப் வேலைக்குச் சேர்க்கும்? பந்தயக் காரைத் தவிர வேறெதையும் தொட்டு எனக்குப் பழக்கமில்லை. மொட்டைக்கும் அதே கதைதான். அந்த இரண்டு கார்களும் லாரி முதலாளி கைக்குப் போனால் நாற்பது வீட்டில் அடுப்பு எரியும். போகாவிட்டால் இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

விற்பதா வேண்டாமா என்று பேசி முடிக்கக் கம்பெனி அனுப்பிய அதிகாரி யார் என்கிறீர்கள்? என் மனைவியின் தம்பி. கல்யாணமான புதிதில் எங்களோடு தங்கிப் படித்தவன். என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டு வளர்ந்தவன். இப்போது கம்பெனியின் நிதிப் பிரிவில் கண்ணாடிக் கதவு போட்ட அறையில் உட்கார்ந்திருக்கிறான். அந்த வாரம் வீட்டுக்குச் சாப்பிட வந்தான்.

“வாங்க மூடுவிழா அதிகாரி” என்றேன்.

“சும்மா இருங்க மாமா. நானே நொந்து போயிருக்கேன்.”

“லாரிக்காரர் விஷயம் என்ன ஆச்சு மாப்ள? ஒளிக்காம சொல்லு.”

“மேல ஓகே சொல்லிட்டாங்க. பேப்பர் ரெடி. கடைசி ரேஸ் முடிஞ்ச மறுநாள் கையெழுத்து.”

“நாப்பது பேர்ல நான் இருக்கேனா?”

“மொதப் பேரே உங்க பேருதான்.”

“பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்ல?” என்று என் மனைவி இன்னொரு கரண்டி அள்ளி அவன் தட்டில் வைத்தாள். “என் தம்பி இருக்கும்போது உங்களுக்கு என்ன கவலை?”

அவன் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று சொன்னான். “கடைசி ரேஸ்ல ரொம்ப அலட்டிக்காதீங்க மாமா. கார் முழுசா வந்து சேர்ந்தா போதும். நாலாவது, அஞ்சாவது வந்தாலும் கௌரவம்தான்.” விற்கப் போகிற கார், இடித்துக்கொள்ளக் கூடாது என்று பயப்படுகிறான் என நினைத்தேன். அக்கறை என்றே நினைத்தேன்.

அந்தப் பந்தயம் ஆறு மணி நேர ஓட்டம். கம்பெனி புதுப் பாகம் வாங்குவதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தது. கழித்துப்போட்ட பெட்டியில் இருந்ததைத்தான் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றாகச் சோதித்துப் பூட்டினோம். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. போல்ட்டை முடுக்கியவன், போல்ட்டின் தலையிலிருந்து காரின் உடம்புவரை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுக்க வேண்டும். போல்ட் இம்மி அசைந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம், அதனால் யார் முடுக்கியது என்பதும் தெரியும். என் நிறம் மஞ்சள். ஓட்டுநரின் தலைக்குப் பின்னால், பாதுகாப்பு வளையத்தைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளை நான் மட்டும்தான் முடுக்குவேன். அன்றைக்கும் கோடு இழுத்துவிட்டு, இதுதான் கம்பெனிக்கு இழுக்கிற கடைசிக் கோடு என்று சொல்லிக்கொண்டேன்.

டயரும் பஞ்சம்தான். மற்ற அணிக்காரர்கள் பெட்ரோல் போட நிறுத்தும்போதெல்லாம் புது டயர் மாற்றினார்கள். எங்களிடம் மாற்றப் புதுசு ஏது? போட்டதையே வைத்து ஓட்டினோம். நல்லவேளை, வெயில் ஏறவில்லை, டயர் தாங்கியது. மாற்றுகிற நேரம் மிச்சமானதில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓரிரு கார்களைத் தாண்டினோம். மத்தியானம் தாண்டியபோது எங்கள் முதல் கார் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தது.

கடைசி நிறுத்தம் வந்தது. பழைய டயர் ஒரு செட் மிச்சம் இருந்தது. அதை மாற்றினால் கார் பத்திரம், ஆனால் மூன்றாவதோ நான்காவதோதான் வரும். மாற்றாமல் விட்டால் முதலிடத்துக்கு வழி இருந்தது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு பின்னால் நின்ற மாப்பிள்ளை என் தோளைப் பிடித்தான்.

“மாமா, மாத்திடுங்க. ரிஸ்க் வேணாம். ப்ளீஸ்.”

ஸ்டாப்வாட்ச் என்னைப் பார்த்தார். “சீஃப், டயர் தாங்குமா?”

நான் மொட்டையைப் பார்த்தேன். முந்தைய நிறுத்தத்தில் டயரைக் குனிந்து தடவிப் பார்த்தவன் அவன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

“தாங்கும் மேடம். பெட்ரோல் மட்டும் ஊத்தி விடுங்க” என்றேன்.

யோசித்துச் சொன்னேன் என்று பொய் சொல்ல மாட்டேன். வாழ்நாள் முழுக்கப் பந்தயத்தில் கிடந்தவனிடம், ஜெயிக்கிற காரைக் காட்டி நாலாவதாக வா என்றால் எப்படி வருவான்? கை கேட்காது. கார் கிளம்பியது. கடைசிச் சுற்றுக்கு முந்தின சுற்றில் எங்கள் பெண் ஓட்டுநர், முன்னால் ஓடிய எதிரணிக் காரை உள்பக்கமாகப் போய்த் தாண்டினாள். அப்புறம் நடந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. மொட்டை என் இடுப்பில் ஏறி உட்கார்ந்திருந்தான். சிரிக்காத ஸ்டாப்வாட்ச் வாய்விட்டுச் சிரித்தார். கோட்டுக்காரர் கண்ணாடி மாளிகையிலிருந்து ஓடி வந்து கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை மட்டும் சுவரோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. பையன் உணர்ச்சிவசப்பட்டுவிட்டான் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் கையெழுத்து நடக்கவில்லை. அதற்கு மறுநாளும் நடக்கவில்லை. பிறகு ஸ்டாப்வாட்ச் என்னையும் மொட்டையையும் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“விக்க மாட்டாங்களாம். ரெண்டு காரையும் வெட்டணுமாம்.”

“எதுக்கு மேடம்?” என்றான் மொட்டை. “அதான் பேசி முடிச்சாச்சே?”

“தொழில்நுட்ப ரகசியமாம். அப்படித்தான் எழுதி அனுப்பியிருக்காங்க.” கையிலிருந்த காகிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். “நிஜம் என்னன்னா, நாம ஜெயிச்சிட்டோம். பங்குதாரர்கள்கிட்ட இவங்க என்ன சொல்லி வெச்சிருக்காங்க? இவ்வளவு பணம் கொட்டாம இனி யாராலயும் ஜெயிக்க முடியாது, அதனாலதான் விலகுறோம்னு. நாம குப்பைத் தொட்டிப் பாகத்த வெச்சு ஜெயிச்சுக் காட்டிட்டோம். அடுத்த வருஷம் அதே கார்ல லாரிக்காரர் மூணுல ஒரு பங்குல ஜெயிச்சா, இத்தன வருஷம் பணம் எங்க போச்சுன்னு கேப்பாங்கல்ல?”

“அப்ப, நாலாவதா வந்திருந்தா?”

“வித்திருப்பாங்க சீஃப். ஒரு வார்த்த பேசாம வித்திருப்பாங்க.”

மொட்டை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கட்டை விரலைத் தூக்கிக் காட்டிய கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் தோளைப் பிடித்து எழுப்பினேன். “நீ டயரப் பாத்துச் சரியாத்தான் சொன்ன. தப்பு நம்மகிட்ட இல்லடா” என்றேன்.

வெட்டுவதற்கு மாப்பிள்ளையே வந்தான். கூடவே படம் பிடிக்க ஒருத்தன், ரம்பத்தோடு பழைய இரும்புக் கடை ஆள் ஒருத்தர். பெட்ரோலோடு மின்சாரத்திலும் ஓடுகிற கார் என்பதால் அதில் பெரிய பேட்டரி உண்டு. அதன் மின்சாரத்தைத் துண்டித்துக் கழற்ற உரிமம் பெற்றவன் அங்கே நான் ஒருவன்தான். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“மாமா, நீங்க கழட்டிக் கொடுத்தாத்தான்…”

“ஜெயிக்காதன்னு நேராச் சொல்லியிருக்கலாமே மாப்ள. வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டே ஏன் பூசி மெழுகின?”

“எனக்கே அப்ப உறுதியாத் தெரியாது மாமா. ஜாடையா பேசிக்கிட்டாங்க. நான் வெறும் வேலக்காரன்.”

“என் வீட்டு சோத்தத் தின்னுக்கிட்டே பேப்பர் ரெடின்னு சொன்னியே, அதுவும் வேலையா?”

இரும்புக் கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு, கையில் உறைகூட இல்லை. “சார், இதத் தொட்டா ஷாக் அடிக்குமா?” என்று என்னிடம் கேட்டார். அடிக்கும். கரிக்கட்டையாகிவிடுவார். அவருக்கு இதெல்லாம் யார் சொல்லியிருப்பார்கள்? நான் போகாவிட்டாலும் இன்று ரம்பம் ஓடத்தான் போகிறது. எங்கள் கையிலிருக்கிற இந்த ஒழுங்கை நம்பித்தான் இவர்கள் இத்தனை அயோக்கியத்தனமும் செய்கிறார்கள் என்று அப்போது புரிந்தது. திட்டிக்கொண்டே போய் பேட்டரியைத் துண்டித்தேன். இரண்டு முறை சோதித்தேன். இரும்புக் கடைக்காரருக்கு என் கையுறையைக் கொடுத்தேன்.

ஆனால் அந்த உடம்பு லேசில் வெட்டுப்படவில்லை. சுவரில் மோதினாலும் உள்ளே இருக்கிறவள் பிழைக்க வேண்டும் என்று கார்பன் இழையால் செய்த உடம்பு அது. ரம்பத்தின் பல் மழுங்கியது. இன்னொரு ரம்பம், அதுவும் மழுங்கியது. மாப்பிள்ளை போனை எடுத்து, விலை உயர்ந்த வெட்டும் தகடுகள் வேண்டும் என்றான். அவன் போனை வைப்பதற்குள் அனுமதி வந்துவிட்டது. பேரிங்குக்கு வாரக்கணக்கில் காத்திருந்த நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம். மொட்டை வெளியே போய் வாந்தி எடுத்தான். கரும்புழுதி பறக்க, ஜெயித்த கார் இரண்டு துண்டானது.

கேட்டுக்கு வெளியே லாரி முதலாளியின் வண்டி நின்றிருந்தது. விஷயம் கேள்விப்பட்டு, கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்று வந்தவரை உள்ளே விடவில்லையாம். ரம்பச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறார். நான் வெளியே வந்தபோது, “என்ன ஜென்மங்கய்யா இவனுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

ஒர்க்‌ஷாப்பைப் பூட்டினார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து மின்விசிறியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். “என்னங்க, அது நல்லாத்தான் ஓடுது, விடுங்க” என்று மனைவி கெஞ்சினாள். தம்பி செய்ததை அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் நம்பவும் முடியாமல், நம்பாமல் இருக்கவும் முடியாமல் தவித்தாள். அவன் வாயால் கேட்டால்தான் ஆயிற்று என்று அவளே அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

வந்தான். கையில் ஒரு அழகான பெட்டி.

“உங்களுக்குத்தான் மாமா. அணியில இருந்த எல்லாருக்கும் ஒண்ணு.”

திறந்தேன். கண்ணாடிப் பலகையில் பதித்த ஒரு கருப்புத் துண்டு. ஓரங்களைத் தேய்த்து மெருகேற்றியிருந்தார்கள். கீழே பச்சை எழுத்தில் ‘பயணத்துக்கு நன்றி’. வெட்டிய காரைத் துண்டு துண்டாக்கி நினைவுப் பரிசு செய்திருக்கிறார்கள். எங்களுக்கே பரிசு. த்தூ!

கீழே போடப் போனவன் நிறுத்தினேன். துண்டில் ஒரு போல்ட் அப்படியே இருந்தது. அதன் தலையிலிருந்து உடம்புவரை ஒரு மஞ்சள் கோடு. கோடு உடையவில்லை. அத்தனை ரம்பம் ஓடியும் என் போல்ட் அசையவில்லை. கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தேன்; அதற்குள் மனைவி தம்பிக்குச் சோறு போட்டிருந்தாள்.

“நல்லாருக்குல்ல மாமா?” என்று சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். “இந்தக் கண்ணாடி வெளியூர்லேர்ந்து வரவழைச்சது. இதுக்கு மட்டும் யாரும் கேள்வியே கேக்கல, உடனே பாஸ் ஆயிடுச்சு.”

“தம்பி,” என்றாள் மனைவி. “காரு விக்க மாட்டாங்கன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“ஜெயிச்சா விக்க மாட்டாங்கன்னு ஒரு பேச்சு இருந்துச்சுக்கா. அத நான் எப்படி வெளிய சொல்ல முடியும்?” பிறகு குரலைத் தாழ்த்தி, பெரிய ரகசியம் போல என் பக்கம் சாய்ந்தான். “விடுங்க மாமா, நல்ல சேதி ஒண்ணு சொல்றேன். ரேஸ் விதியெல்லாம் மாத்தப் போறாங்களாம், செலவு குறையுமாம். மாத்தினா ரெண்டு மூணு வருஷத்துல நம்ம கம்பெனி திரும்ப எறங்கும். இப்பவே பேச ஆரம்பிச்சுட்டாங்க. அப்ப உங்கள மாதிரி அனுபவசாலிங்கதான் மொதல்ல வேணும்.”

நான் கத்துவேன் என்றுதான் இருவரும் எதிர்பார்த்தார்கள். எனக்குக் கத்தத் தோன்றவில்லை. பெட்டியை மூடி அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“அப்ப இத நீயே எடுத்துட்டுப் போ மாப்ள. ஊர்ல கொடுத்ததெல்லாம் ஒண்ணு விடாம திருப்பி வாங்கிக்கோ. மறுபடி எறங்கும்போது ஒட்ட வெச்சுக்கலாம்.”

அவன் சிரித்தான், நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்து. சிரித்துக்கொண்டே அக்கா பக்கம் தட்டை நீட்டினான். அவள் கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டு மூடியை வைத்தாள்.

“எழுந்து கையக் கழுவுடா” என்றாள்.